பாரத்நெட் கேபிள் வந்தால் வீட்டுக்கு இலவச இணையமா?

"ஊராட்சிக்கு பாரத்நெட் கேபிள் வந்துவிட்டது; இனி எல்லா வீடுகளுக்கும் அதிவேக இணையம் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

2011-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்ட இத்திட்டத்தின் நோக்கம், நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கேபிளால் இணைப்பதாகும். அரசு அமைப்பது ஊராட்சி வரையிலான முதன்மை வழித்தடத்தையே. அங்கிருந்து வீட்டுக்கு இணைப்பு தருபவர்கள் இணையச் சேவை வழங்குநர்கள், அதற்கு மாதக் கட்டணமும் உண்டு. ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டியதாலேயே வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிடாது அல்லவா? தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை மேற்கொள்ளும் மாநில அரசின் தமிழ்நாடு பைபர்நெட் கழகத்துக்கும் இது பொருந்தும்.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலில்லை: சில ஊர்களில் பொது இடங்களில் வைஃபை வசதி அமைக்கப்பட்டதும், அரசுப் பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்றவற்றுக்கு இணைப்பு தரப்பட்டதும் வீட்டு இணைப்போடு சேர்த்துப் பேசப்படுகின்றன.

திட்டத்துக்கான பணமும் வானத்திலிருந்து விழுவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து வசூலிக்கப்படும் தீர்வையால் உருவான நிதியமே, அதாவது இன்று 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப்படுவதே, இதற்குச் செலவிடுகிறது.