அந்தப் பன்னிரண்டு பேரை எழுதியது ஹோமர்தான்

பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களில் வரும் பெண்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நான் பேசிய உரைக்குப் பிறகு என்ன பேசப்பட்டது என்று இங்கே பலருக்கும் தெரியும். அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. "ஹோமரில் இல்லாத பெண்களை இன்றைய பெண்ணியத்துக்காக உள்ளே திணிக்கிறார்கள்" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

இல்லாத பெண்களா? டிராய் போர் முடிந்து ஒடிசியஸ் என்ற அரசன் வீடு திரும்பும் கதையான ஹோமரின் ஒடிசியில் 22ஆம் காண்டத்தை எடுத்துப் படியுங்கள். அவன் இல்லாதபோது அவன் மனைவி பெனலோப்பியைப் பெண் கேட்டு வந்து வீட்டிலேயே டேரா போட்டவர்களை ஒடிசியஸ் கொன்று முடித்துவிட்டான். வீட்டில் ஐம்பது அடிமைப் பெண்கள். வந்தவர்களோடு படுத்தவர்கள் என்று பன்னிரண்டு பேரை வயதான தாதி யூரிக்ளியா காட்டிக்கொடுக்கிறாள். அந்தப் பன்னிரண்டு பேரைக்கொண்டே பிணங்களை வெளியே தூக்கிப் போடவைக்கிறார்கள். மேசையிலும் நாற்காலியிலும் தெறித்த ரத்தத்தைத் துடைக்கவைக்கிறார்கள். வேலையெல்லாம் வாங்கிய பிறகுதான் கொலை. வாளால் வெட்டச் சொன்னான் ஒடிசியஸ். இவர்களுக்குச் சுத்தமான சாவு கூடாது என்று கப்பல் கயிற்றை எடுத்தவன் மகன் டெலிமாக்கஸ். கண்ணியில் சிக்கிய புறாக்களைப் போல வரிசையாகத் தொங்கினார்கள், கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, ரொம்ப நேரமில்லை. இதை நான் எழுதவில்லை. ஹோமர் எழுதியது.

"அவர்கள் துரோகம் செய்தார்களே" என்று உடனே வருவார்கள். அடிமைகள் ஐயா. மாட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வார்கள்? அதே 22ஆம் காண்டத்தின் தொடக்கத்தில், என் வீட்டுப் பணிப்பெண்களை பலவந்தப்படுத்தினீர்கள் என்று அந்த ஆண்களைப் பார்த்துக் கத்துபவன் ஒடிசியஸ்தான். பலவந்தம் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். காண்டம் முடிவதற்குள் அந்தப் பெண்களுக்குக் கயிறு. நாங்கள் எதையும் திணிக்கவில்லை. எல்லோரும் தாண்டிப் போன இடத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

டிராய் போரைப் பாடும் ஹோமரின் இன்னொரு காவியம் இலியட்டும் அப்படித்தான். கிரேக்க வீரன் அகிலிஸுக்கும் படைத்தலைவன் அகமெம்னனுக்கும் சண்டையே போரில் பிடிபட்ட பிரிசைஸ் என்ற பெண்ணால். 15,000 வரிகளுக்கு மேல் ஓடும் காவியத்தில் அவள் வாய் திறப்பது ஒரே ஒரு முறை, 19ஆம் காண்டத்தில், 14 வரி. அகிலிஸின் நண்பன் பட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து அழும்போது, தன் கணவனும் கூடப்பிறந்த மூன்று பேரும் செத்ததைச் சொல்லி அழுகிறாள். கணவனைக் கொன்றவன் அகிலிஸ். இப்போது அவன் கூடாரத்தில்தான் அவள் இருக்கிறாள். சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள், பெயருக்குப் பட்ரோக்ளஸுக்காக, உண்மையில் ஒவ்வொருத்தியும் தன் துக்கத்துக்காக என்கிறார் ஹோமர்.

இந்த வரியை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் பெரியம்மா ஞாபகம்தான். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் மாரடிக்க உட்காருவது அவர்தான். செத்தவரைப் பற்றி இரண்டு அடி பாடுவார், மூன்றாவது அடியில் சின்ன வயதில் போன தன் பிள்ளை வந்துவிடும். ஆம்பளைங்க திண்ணையில் உட்கார்ந்து "இவ ஆரம்பிச்சிட்டா" என்பார்கள். வீட்டில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழ அவருக்கு அனுமதி இருந்ததில்லை. பிரிசைஸை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய கதையைப் பெண்கள் பக்கம் நின்று சொல்வது இன்றைய மோகம் என்றும் சொன்னார், அந்த வரியைச் சொன்ன நண்பர். கி.மு. 415இல் ஏதென்ஸில் நாடகாசிரியர் யூரிபிடிஸ் 'டிராய் பெண்கள்' நாடகத்தை மேடையேற்றினார். வென்றவர்களின் கதையை விட்டுவிட்டு, அடிமைகளாகப் பங்குபோடப்படும், தோற்ற டிராயின் அரச குடும்பத்துப் பெண்களான ஹெகூபா, கசாண்ட்ரா, ஆண்ட்ரோமக்கி ஆகியோரைப் பேசவைத்தார். அதற்குச் சற்று முன்புதான் ஏதென்ஸ்காரர்கள் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியிருந்தார்கள். அதே ஏதென்ஸ் மக்கள் முன்னால்தான் நாடகம் நடந்தது. 2,400 ஆண்டுப் பழைய மோகம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

பழைய கதைகளைப் பெண்கள் பக்கமிருந்து சொல்லி இப்போது வரும் மறுகூறல்களில் மோசமானவை உண்டா? உண்டு. எதில்தான் இல்லை? போருக்குப் போன ஆண்களைப் பற்றிய மோசமான நாவல்களைப் பார்த்து, போர் நாவலே கூடாது என்று யாரும் கூட்டம் போட்டதில்லை.

என்னை உண்மையில் காயப்படுத்தியது வேறு. நான் 22ஆம் காண்டத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும், "நீங்க உணர்ச்சிவசப்படுறீங்கம்மா, அடுத்தவர் பேசட்டும்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். ஒடிசியின் முதல் காண்டத்தில், சபையில் பேச வந்த பெனலோப்பியை, பேச்சு ஆண்களின் வேலை, நீ உள்ளே போய்த் தறியைப் பார் என்று அனுப்பிவைப்பான் பெற்ற மகன். அவளும் போய்விடுவாள். நானும் அன்று இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பெண்களைப் பற்றிப் பேச ஒரு பெண்ணுக்கு அரை மணி நேரம் தர முடியாதவர்கள்தான் ஹோமரைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்கள்.

ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மெலாந்தோ என்று ஒரு பணிப்பெண்ணின் பெயர் ஒடிசியின் வேறு காண்டங்களில் வருகிறது. பெனலோப்பி மகளைப் போல விளையாட்டுச் சாமான் கொடுத்து வளர்த்தவள். தூக்கில் போடும் இடத்தில் அவள் பெயர்கூட இல்லை, யார் பெயரும் இல்லை. பன்னிரண்டு பேருக்கும் பெயர் வைத்துத்தான் எழுதப்போகிறேன். "பாருங்கள், இல்லாததைச் சேர்க்கிறாள்" என்பார்கள். ஆமாம், பெயரைச் சேர்க்கிறேன்.