அம்மம்மாவின் செப்புக்காசும் பெஸ்ஸி மலையும்

அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டில், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் ஒரு செப்புக்காசு எப்போதும் கிடக்கும். வளவில் கிணறு வெட்டியபோது மண்ணோடு வந்தது என்பார். பழப்புளி போட்டுத் தேய்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை துலங்கும்: ‘வி’ எழுத்தின் இரண்டு கால்களிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோர்த்திருக்கும்.

அதை ‘ஒல்லாந்தக் காசு’ என்றே சொல்லி வளர்ந்தோம். ஆனால் அந்தக் கம்பனி ஆசியாவில் விற்ற செம்பில் பெரும்பங்கு யப்பானுடையது. நாகசாகியில் வாங்கிக் கப்பலேற்றியது. இலங்கையில் செப்புக் கட்டியையே துண்டு துண்டாக வெட்டி, 4¾ ஸ்டைவர் (ஒல்லாந்தச் சில்லறைக் காசு) பெறுமதி குத்திக் காசாகவும் புழங்கவிட்டார்கள்.

நாகசாகிக்குச் செம்பு அனுப்பிய சுரங்கங்களில் ஷிக்கோக்குத் தீவின் பெஸ்ஸி முக்கியமானது. சுமிட்டோமோ குடும்பம் 1691இல் திறந்தது, 1973இல் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் இருந்த நாளில் தொடங்கி, நம் பெற்றோரின் காலம் வரை அந்த மலையைக் குடைந்திருக்கிறார்கள்! தாதுவின் கந்தகம் போக விறகடுக்கி வாட்டவும், பிறகு கரி போட்டு உருக்கவும் மரம் மரமாக வெட்டினார்கள். மிச்சத்தைப் புகை கருக்கியது. மலை மொட்டையானது. கீழே நீஹாமாவில் பயிர் கருகியதும், 1893இல் விவசாயிகள் திரண்டு நியாயம் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு சுரங்கத்தின் பொறுப்பேற்று வந்த இபா தெய்கோ என்பவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். மலையைப் பழையபடி பச்சையாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நின்றவர் அவர். ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் கன்றுகள் நடப்பட்டன. உருக்காலையைக் கடல் நடுவே ஷிசாகா தீவுக்கு மாற்றியது மட்டும் பிழையாய்ப் போனது: 1905இல் வேலை தொடங்கியதும் புகை காற்றோடு இன்னும் பல ஊர்களின் வயல்களில் இறங்கியது. 1910இல் நட்டஈடு கொடுக்கவும் உற்பத்திக்கு வரம்பு வைக்கவும் இணங்கினார்கள். புகைக்கு முழுத் தீர்வு வந்தது 1939இல்தான். இன்று அந்த மலை காடாக நிற்கிறது.

இதையெல்லாம் நான் எழுதுவது காங்கேசன்துறைப் பக்கத்துப் பள்ளங்களை நினைத்துத்தான். 1950இல் சீமெந்து உற்பத்தி தொடங்கியது, 1990இல் போரோடு நின்றது. சீமெந்துக்குச் சுண்ணக்கல் அகழ்ந்த இடம் இன்னும் வாய் பிளந்து கிடக்கிறது. நமக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்பதைத்தான் இறைத்துக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் பாய்ச்சுகிறோம். அந்தக் கல்லை ஆழத் தோண்டினால் கிணறு உவர்க்கும். ஒருமுறை உவர்த்த கிணற்றை எத்தனை மாரியும் இலகுவில் மீட்டுத் தராது.

மறுபடி கல் அகழ அனுமதி கேட்டு யார் வந்தாலும் நம் ஊர்ச் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது வேலைவாய்ப்புக் கணக்கை அல்ல. எவ்வளவு ஆழம்? எந்த ஆண்டில், எந்த மண்ணால் மூடுவீர்கள்? எத்தனை மரம், யார் தண்ணீர் ஊற்றுவது? சுற்றியுள்ள கிணறுகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்து யார் சொல்வது? பதில் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும், முதற்கல் பெயர்க்கும் முன்பே.