மிசிர்லூவுக்கு வேகம் அவசியமா?

'மிசிர்லூ' என்ற பழைய கிரேக்கக் காதல் பாட்டை ஒரு நாட்டுப்புறக் குழு ஊத், கானூன் என்ற அரபு நரம்புக் கருவிகளோடு வயலினும் சேர்த்து நிதானமாகப் பாடியிருப்பதை, 'விறுவிறுப்பு போய்விட்டது' என்று ஒரு கட்டுரையாளர் குறை சொல்லி எழுதியிருக்கிறார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த விறுவிறுப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1962இல் அமெரிக்காவில் டிக் டேல் மின்கிதாரில் படபடவென்று வாசித்தார். 1994இல் 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தின் தொடக்கத்தில் அது ஒலித்ததும் உலகம் முழுக்க அந்த வேகமே பாட்டாகிவிட்டது. அதில் வரிகளே கிடையாது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் 1927இல் தேத்தோஸ் திமித்ரியாதிஸ் என்ற கிரேக்கப் பாடகர் பதிவு செய்தபோது அது எகிப்துப் பெண்ணொருத்தியை நினைத்து ஒருவன் உருகும் பாட்டு. உன் பார்வை நெஞ்சில் தீ மூட்டுகிறது, அரபு நாட்டிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்கிறான். இதை ஓடிக்கொண்டே சொல்ல முடியுமா? கிரேக்கர், அரபியர், துருக்கியர், யூதர் எல்லோரும் பாடிவந்த மெட்டு இது. யார் முதலில் கட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கர்நாடக இசை கேட்பவர்கள் ஒருமுறை கேளுங்கள்: இதன் சுரங்கள் அப்படியே மாயாமாளவகௌளை ராகம். சின்ன ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குத் தாவும் அந்த இடைவெளியில்தான் ஏக்கம் இருக்கிறது, நிதானமாகப் பாடினால் மட்டுமே அது காதில் விழும். இந்தக் குழுவின் பாடகி அங்கே நின்று, இழைத்துப் பாடுகிறார். கடைசிச் சரணத்தில் மேளம் குரலை அமுக்கிவிடுவது மட்டுமே எனக்குக் குறை.