பழைய எக்ஸெல் சொன்னா வேதவாக்குங்களா?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு பழைய ரிப்போர்ட்டெல்லாம் பவர் பிஐக்கு (கணக்கையெல்லாம் சார்ட்டாக் காட்டற சாஃப்ட்வேருங்க) மாத்தற வேலைங்க. மூணு மாசமா டேட்டா தானா வந்து சேர்றதுக்குப் பைப்லைன் போட்டு டேஷ்போர்டு காட்டுனா, அக்கவுண்ட்ஸ் அண்ணன் மொத வார்த்தையே "ஏனுங் தம்பி, எங்க எக்ஸெல்லுல வேற நம்பர் வருதுங்களே, உங்குளுது தப்பாட்ட இருக்குதுங்"ங்கறாரு. சரினு ரெண்டு நாள் ஒக்காந்து நோண்டுனா, அவிங்க மேக்ரோ (எக்ஸெல்லுக்குள்ள தானா ஓடற சின்ன புரோகிராம்) இன்னும் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்லதான் கொட்டிட்டிருக்குது, அதுல 65,536 வரிக்கு மேல நிக்காதுங்க, மிச்சமெல்லாம் கட்டாயி எந்தக் காலமோ ஆச்சு. ஒரே நூல் ரகத்தை 30எஸ், 30ஸ், 30 கவுண்ட்டுனு மூணு விதமா அடிச்சு வெச்சிருக்கறது தனிக் கதை (அதுக்கே ஒரு வாரம் போச்சு). எடுத்துச் சொன்னா "அதெல்லாஞ் செரி, பழைய நம்பரே வர்றாப்புல பண்ணிக் குடுத்துருங்"ங்கறாரு! தப்பையும் சேத்து மாடர்னைஸ் பண்ணோணுமாமா. அதும்போக, மேல ஒரு 'எக்ஸ்போர்ட் டு எக்ஸெல்' பட்டன் வேற வேணுமாம்.