விருப்பப் பாடம் வளாகத்தைத் தாண்ட வேண்டும்

மருத்துவ மாணவர்கள் சமூகவியல், சட்டம், பொறியியல் போன்ற துறைகளிலும் விருப்பப் பாடம் படிக்க வேண்டும் என்ற கட்டுரையாளரின் கருத்தை முழுமனதாக ஆதரிக்கிறேன். 2019-இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே நான்கு வாரம் வீதம் இரண்டு விருப்பப் பாடங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் அதே கல்லூரியின் இன்னொரு வார்டுக்கோ லேபுக்கோ போவதோடு சரி. அப்புறம் முதுநிலை நீட் பயம் வேறு, இருக்கிற நாட்களையும் அதுவே எடுத்துக்கொள்கிறது.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் இருமல் நின்றதும் பாதியில் விட்டுவிடுகிறார். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று மாணவருக்கு அத்துப்படி. காசநோயாளிகளுக்கு அரசு உதவும் நிக்ஷய் திட்டத்தில் சத்தான உணவுக்காக வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய மாதம் 1,000 ரூபாய் வராமல் போனால் யாரிடம் கேட்பது என்று மட்டும் தெரியாது. சமூகப்பணி படிக்கும் ஒருவரோடு இரண்டு வாரம் வீடு வீடாகப் போனால் தெரிந்துவிடும். வேலூர் சிஎம்சி தன் மாணவர்களைத் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கவைக்கிறது. மற்ற கல்லூரிகளும் பக்கத்துக் கலைக் கல்லூரியோடு பேசி இதைத் தொடங்கலாம். அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள், இல்லாவிட்டால் யாரும் சேர மாட்டார்கள்.