மகாராணி வளர்த்த கோழி

(வீட்டின் பின்புறம். உச்சி வெயில். மாமனார் ஒல்லி, தலை முழு வழுக்கை என்று சொல்லிவிட முடியாது, முன்நெற்றியில் நாலு முடி மிச்சம். மருமகன் நல்ல பருமன், அடர்ந்த தாடி. கோழிகளைப் பற்றிய பேச்சுக்கு இந்த விவரங்கள் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.)

மருமகன்: வாருங்கள் மாமா! பாருங்கள், உங்களைக் கண்டதும் என் கோழிகள் எல்லாம் வாயைத் திறந்து சிரிக்கின்றன.

மாமனார்: சிரிப்பில்லை மாப்பிள்ளை. மூச்சிரைக்கிறது.

மருமகன்: இறக்கையை விரித்து வரவேற்கின்றனவே, அது?

மாமனார்: இறக்கைக்கு அடியில் கொஞ்சமாவது காற்றுப் படட்டும் என்று விரித்திருக்கின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. சாதாரண நாளிலேயே அதன் உடம்பு 41 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெளியே வெயில் ஏறினால், வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். தொண்டை படபடவென்று துடிக்கிறது பாருங்கள்.

மருமகன்: அது பாடிப் பழகுகிறது என்றல்லவா உங்கள் மகள் சொன்னாள்?

மாமனார்: (மகளைப் பற்றிய பேச்சைத் தவிர்த்து) இந்தப் பெரியது என்ன இனம்?

மருமகன்: பிரம்மா! சேவல் ஐந்து கிலோவைத் தாண்டும். காலைப் பாருங்கள், விரல் வரைக்கும் இறகு!

மாமனார்: அங்கேதான் சிக்கல். உடம்போ பருமன். மேலெல்லாம் அடர்த்தி. நிழலை விட்டு நகர மனம் வராது. வெயில் சற்று ஏறினால் முதலில் சாய்வது இந்த ரகம்தான்.

மருமகன்: (தாடியைத் தடவியபடி) மாமா, கோழியைத்தானே சொல்கிறீர்கள்?

மாமனார்: (சற்றுத் தாமதமாக) கோழியைத்தான்.

மருமகன்: சரி, அந்தப் பக்கம் நிற்பது கொச்சின். 1840களில் விக்டோரியா மகாராணியே ஆசையாக வளர்த்த இனம். அதைப் பார்த்து நாடு முழுவதும் கோழிப் பித்துப் பிடித்து அலைந்ததாம்.

மாமனார்: மகாராணி எந்த நாட்டில் வளர்த்தார்?

மருமகன்: இங்கிலாந்தில்.

மாமனார்: அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை.

மருமகன்: இப்படி மடக்கினால் ஆயிற்றா? உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை ஆசியாவின் வெப்பக் காட்டில் திரிந்த காட்டுக்கோழி. பரம்பரையாகவே வெயில் பழக்கம் இருக்காதா?

மாமனார்: அந்த மூதாதை ஒரு கிலோவை ஒட்டிய எடை. உச்சி வேளையில் மரநிழலில் ஒதுங்கிவிடும். அதன் வம்சத்தைப் பிடித்து, குளிர் தேசங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கவைத்து, இறகைத் தடிக்கவைத்து, கடைசியில் வெயிலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பரம்பரையைப் பேசினால் கோழி என்ன செய்யும்? அது இருக்கட்டும், கூண்டுக்கு ஏன் கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது?

மருமகன்: உள்ளே தண்ணீர் தெளித்திருக்கிறேன். குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாதே!

மாமனார்: திறவுங்கள்! முதலில் திறவுங்கள்! கோழியின் மூச்சில் இருக்கிற ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாவதற்கு வழி ஏது? வறண்ட வெயிலைக்கூடத் தாங்கும் கோழி, புழுக்கத்தில் செத்துப்போகும்.

(கதவைத் திறக்கிறார்கள். உள்ளிருந்து ஆர்ப்பிங்டன் இனக் கோழி ஒன்று தள்ளாடி வெளியே வருகிறது. அதன் பின்னால் பஞ்சுப் பந்தாக ஒரு சில்க்கி இனக் கோழி. இரண்டும் மாமனாரைப் பார்க்கும் பார்வையில் நன்றி தெரிகிறது, மருமகனைப் பார்ப்பதே இல்லை.)

மாமனார்: தண்ணீர்ப் பாத்திரம் வெயிலில் கிடந்து கொதிக்கிறதே. சுட்ட தண்ணீரை அது குடிக்காது. இந்த நாட்களில் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேலும் குடிக்கும். நிழலில் வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

மருமகன்: தீவனமும் தொடவில்லை மாமா. அதனால் மடியில் உட்காரவைத்து, நடு மத்தியானத்தில் கையாலேயே ஊட்டிவிட்டேன்.

மாமனார்: தின்பது செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். அது தெரிந்துதான் கோழி தின்னாமல் இருக்கிறது. விடியற்காலையும் சாயங்காலமும் போடுங்கள். அதோடு, உங்கள் மடி வேறு சூடு.

மருமகன்: மறுபடியும் என் உடம்புக்கு வருகிறீர்கள்.

மாமனார்: முட்டை எப்படி இருக்கிறது?

மருமகன்: அருமை. ஓடு அவ்வளவு மிருது, தொட்டால் அமுங்கும். உயர்ந்த இனம், அதனால் அப்படி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாமனார்: அதற்குத் தோல்முட்டை என்று பெயர். விடாமல் இரைத்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை ஏறிவிடும். அப்போது ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து ஒழுங்காகக் கிடைக்காது. தீவனமும் குறைவு என்றால் கேட்கவே வேண்டாம். சரி, வேலியோரம் உற்சாகமாகக் கிளறிக்கொண்டிருக்கிறதே, அந்த வெள்ளைக் கோழி யாருடையது?

மருமகன்: (குரலைத் தாழ்த்தி) என்னுடையதுதான். இனாமாகத் தலையில் கட்டிவிட்டார்கள். ஒல்லி. கொண்டை வேறு பெரிதாகி ஒரு பக்கம் சரிந்து கண்ணை மறைக்கிறது. குச்சி கட்டி நிமிர்த்தலாமா என்று யோசிக்கிறேன்.

மாமனார்: குச்சியைக் கீழே போடுங்கள்! அது லெக்ஹார்ன். இத்தாலியிலிருந்து வந்த இனம். வெயிலில் இரத்தம் அந்தக் கொண்டைக்குப் பாய்ந்து, சூட்டை அங்கே விட்டுவிட்டுத் திரும்பும். கொண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிம்மதி. வெள்ளை இறகு வெயிலையும் அதிகம் இழுக்காது. உங்கள் பிரம்மாவுக்கு இருப்பது தலையோடு ஒட்டிய பட்டாணிக் கொண்டை. பனியில் உறையாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. இங்கே பனிக்கு எங்கே போவது?

மருமகன்: பின் என்னதான் வாங்கியிருக்க வேண்டும்?

மாமனார்: ஸ்பெயின் பக்கத்து மினோர்க்கா. எகிப்தின் ஃபயோமி. காலும் நீளம், இறகும் உடம்போடு ஒட்டியது வேண்டுமென்றால் அசில். அழகாகத்தான் வேண்டும் என்றால் சுருட்டை இறகுக் கோழி இருக்கிறது, இறகெல்லாம் வெளிப்பக்கம் சுருண்டிருப்பதால் உள்ளே சூடு தங்காது.

மருமகன்: நீங்கள் மட்டும் அந்த மொட்டைக் கழுத்துக் கோழியை வைத்திருக்கிறீர்களே. பாதி உரித்த பிறகு யாரோ மனம் மாறி எழுப்பிவிட்டது போல இருக்கிறது.

மாமனார்: (கை தானாகத் தலைக்குப் போகிறது) மொட்டை என்று இளக்காரம் வேண்டாம் மாப்பிள்ளை. அது ஒரு மரபணுவின் வேலை. பெற்றோரில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் இறகில் ஏறக்குறைய கால்பங்கு குறையும். இரண்டு பக்கமும் வந்தால் 40 சதவீதம் வரைகூடக் குறையும். இறகு வளர்க்கச் செலவாகிற புரதமும் மிச்சம். இந்த வெயிலிலும் முட்டை விடுகிறது, ஓடும் கெட்டி.

மருமகன்: ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாமனார்: ஒரு பக்கம் என்றால் கழுத்தின் முன்னால் கொஞ்சம் இறகு குஞ்சமாக மிஞ்சியிருக்கும்.

மருமகன்: (மாமனாரின் முன்நெற்றியை உற்றுப் பார்த்து) அப்படியானால் உங்களுக்கு ஒரு பக்கம்தான்.

(சிறிது நேரம் கோழிகள் மட்டுமே பேசுகின்றன. மாமனார் பிரம்மாவைத் தூக்கி, வாளித் தண்ணீரில் அதன் காலை நனைக்கிறார். கால் இறகைத் தாண்டித் தண்ணீர் தோலைத் தொடுவதற்கே நேரம் பிடிக்கிறது.)

மாமனார்: இருப்பவற்றைக் காப்பாற்றுவோம். நிழல் கட்டுங்கள், காற்றோட்டம் விடுங்கள். இனிமேலாவது படத்தைப் பார்த்துக் கோழி வாங்காதீர்கள்.

மருமகன்: இனிமேல் இல்லை மாமா. ஏற்கெனவே சொல்லிவைத்த ஒரு ஜோடி மட்டும் நாளை வருகிறது. சான்டிக்ளேர்.

மாமனார்: (பிரம்மாவை நழுவவிட்டு) சான்டிக்ளேரா? அது கனடாவின் கியூபெக்கில் குளிர்காலம் தாங்குவதற்காகவே உருவாக்கிய இனம்! உறைபனியில் கருகக் கூடாதென்று கொண்டையையே இல்லாத அளவுக்குக் குறைத்து வளர்த்தார்கள்! உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருமகன்: எப்படி மாமா சொல்வது? அது உங்கள் பிறந்தநாளுக்கு நானும் உங்கள் மகளும் சேர்ந்து கொடுக்கும் பரிசு.

மாமனார்: எனக்கா? எத்தனையோ இனம் இருக்க, எனக்கு ஏன் அது?

மருமகன்: உங்கள் மகள்தான் தேர்ந்தெடுத்தாள். தலையில் ஒன்றும் இல்லாத சேவலைப் படத்தில் பார்த்ததுமே, “அப்பாவுக்கு இதுதான் பொருத்தம்” என்று சொல்லிவிட்டாள்.