பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எஞ்சின் எப்படி இருக்கிறது என்பதைத்தான். விற்பவருக்கும் அது தெரியும். ஆகவே நாம் போய்ச் சேருவதற்கு முன்பே வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார். சைலன்சரின் உறுமல் காதில் விழுந்த பிறகு மற்றவை கண்ணில் படுவதில்லை. என் கருத்து இதற்கு நேர்மாறானது. நாற்பது, ஐம்பது வயதான ஸ்போர்ட்ஸ் காரில் நாம் விலை கொடுத்து வாங்குவது அதன் பாடியை. எஞ்சின் அதனோடு வருகிற ஒன்று.

எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பிரிக்கலாம், தேய்ந்ததை மாற்றலாம், ஆகும் செலவை ஓரளவு முன்கூட்டியே கணக்கிடவும் செய்யலாம். துருவேறிய பாடியில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. வெளியே ரூபாய் நாணய அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு உதிர்ந்திருக்கும். அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும்போது, அடுத்த தகடும் கையோடு வரும்.

பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த எம்ஜிபியை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி அது. இன்றும் அநேகமாக எல்லா உதிரி பாகமும் கிடைக்கிறது. ஆனால் அதற்குப் பாடியைத் தாங்கும் சட்டமான சேசிஸ் தனியாகக் கிடையாது. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதிதான், அந்த வண்டியின் கூரையில்லாத வகையில் பாரத்தைப் பெருமளவு தாங்குகிறது. அந்தப் பெட்டி பல அடுக்குத் தகடுகளால் ஆனது. வெளித் தகட்டை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்துவிட்டால், உள்தகடு அரித்துப் போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கதவை மூடி வைத்து, கதவின் பின்விளிம்புக்கும் பின்புற மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள். மேலே இடுங்கிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டு அதே கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் இருந்தபோது சுலபமாக மூடிய கதவு இப்போது முட்டினாலோ, இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறினாலோ, எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

ஃபைபர் கிளாஸ் பாடி என்றால் துருவைப் பற்றிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 1962இல் வந்த லோட்டஸ் எலானின் மேலுடல் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதன் அடியில் முதுகெலும்பாக இருப்பது இரும்புச் சேசிஸ். ஆரம்பகால எலான்களில் மடங்கி எழும் ஹெட்லைட்டுகளை வெற்றிட விசை தூக்குகிறது. அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் தொட்டியாகச் சேசிஸின் முன்புறக் குறுக்குச் சட்டமே பயன்படுகிறது. ஆகவே ஹெட்லைட் எழ மறுத்தாலோ, எழுந்தது சற்று நேரத்தில் தானாகப் படுத்துக்கொண்டாலோ, குழாயில் கசிவு இருக்கலாம். அந்தச் சட்டத்தைத் துரு தின்று ஓட்டை விழுந்திருக்கவும் கூடும். விளக்குக் கோளாறு என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் வண்டியைவிட, ஆங்காங்கே வெளுத்து, கீறல் விழுந்து, பழைய பெயிண்டோடு நிற்கும் வண்டியின்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். வெளுத்த வண்டி தன் நோயை மறைப்பதில்லை. விற்பனைக்கு முன்பு அவசரமாக அடித்த பெயிண்டுக்குக் கீழே, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி எத்தனை கனத்தில் இருக்கிறது என்பது அடித்தவருக்குத்தான் தெரியும். பெயிண்ட் கனம் அளக்கும் சிறு கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் எண் ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். முழுமையாகப் புதுப்பித்த வண்டி என்று சொன்னால், பெயிண்ட் சுரண்டி வெறும் தகடாக நின்றபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். முடிந்த பிறகு எடுத்த படங்கள் எத்தனை அழகாக இருந்தாலும் பயனில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் நீர் தேங்கும் இடங்கள்தான்: தரை விரிப்புக்கு அடியில், ஸ்டெப்னி வைக்கும் குழியில், பேட்டரித் தட்டில், கதவின் அடி விளிம்பில். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இல் மடக்குக் கூரையின்மேல் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னாலுள்ள குழாய்கள் வழியே கீழே இறங்குகிறது. இலைச்சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தகடு உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது. போர்ஷே 911இல் 1976 மாடலிலிருந்து பாடி முழுவதும் துத்தநாகப் பூச்சுத் தகட்டால் ஆனது என்பதால் அதற்கு முந்தையவற்றை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும். பிந்தையவற்றிலும் விபத்துக்குப் பின் வெட்டி ஒட்டிய இடத்தில் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

"குறைவாகவே ஓடிய வண்டி" என்பதைப் பெரிய தகுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓடாமல் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிறது, பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இறுகிப்போகிறது, பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கிறது, ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. அந்தக் காலத்து ஓடோமீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம் மட்டுமே என்பதால், காட்டும் எண் முதல் சுற்றா இரண்டாம் சுற்றா என்பதையும் அதை வைத்துச் சொல்ல முடியாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கக் குறி அதைவிட நேர்மையானது: 2309 என்றிருந்தால் அது 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்; மேலே பட்டனின் வரிப்பள்ளம் எத்தனை ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சினுக்கு வரலாம். பானட்டின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சற்று நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரெஷனின் அளவுகள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. குறைவான சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது எண் ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ தேட வேண்டும்.

எஞ்சின்களிலும் விதிவிலக்குகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1974 முதல் 1977 வரையிலான 2.7 லிட்டர் போர்ஷே 911இல் எஞ்சினின் அடிக்கூடான கிரேங்க்கேஸ் மக்னீசியக் கலவை. சூட்டில் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் எனும் திருகாணிகள் அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது பரவலாக அறியப்பட்ட குறை. டிரையம்ஃப் டிஆர்6இல் கிரேங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிடக்கூடும். விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். எஞ்சினை அணைத்து, ஒருவர் கிளட்சை மிதித்து விடும்போது மற்றொருவர் முன்னால் உள்ள கிரேங்க் புல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் வண்டியை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, வண்டியின் அடையாளத் தகட்டில் உள்ள எண்ணும் பாடியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது கட்டாயம். 1981இலிருந்துதான் பதினேழு இலக்க எண் முறை பொதுவாக வந்தது. அதற்கு முந்தைய வண்டியில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவும் ஒத்துப்போகிறது என்று சொல்லி அதிக விலை கேட்டால், உரிய காப்பகத்தின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஜாகுவார் வண்டிகளுக்கு அந்நிறுவனத்தின் மரபு அறக்கட்டளை அப்படி ஒன்றைத் தருகிறது. ஓட்டுவதற்காக மட்டும் வாங்குகிறவருக்கு இந்தப் பொருத்தம் அவசியமில்லை; ஆனால் இல்லாத பொருத்தத்துக்கு விலை கொடுக்கவும் கூடாது.

அந்தக் குறிப்பிட்ட மாடலிலேயே கை பழகிய மெக்கானிக் ஒருவரை, அவர் கேட்கும் கூலியைக் கொடுத்து உடன் அழைத்துப் போங்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்றவும் விரிப்பைத் தூக்கிப் பார்க்கவும் விற்பவர் தயங்கினால், விலை பேசாமலேயே கிளம்பி வந்துவிடலாம்.